வாத்தியாரின் குட்டைக் குதிரை

சுட்டிகளே, பத்திரிகையில் வரும் விளம்பரங்களைப் படிப்பீர்களா? சோப்பு, செல்போன், வீட்டு மனை, டியூஷன் என்று என்னென்னவோ வரும் இல்லையா? சுமார் 230 வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வெளியான பத்திரிகைகளில், வசந்த காலம் வந்துவிட்டால் குதிரை விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். குதிரை விற்பனைக்கு அல்ல! எங்களிடம் உயர்ந்த ஆண் குதிரை இருக்கிறது, உங்கள் பெண் குதிரையை அழைத்து வாருங்கள், அடுத்த வருடம் அருமையான குட்டி பிறக்கும் என்று அழைக்கும் விளம்பரங்கள் அவை!

அந்தப் பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். 1776-ல் அமெரிக்கா சுதந்திரம் அறிவிக்கும் வரை அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கடலைத் தாண்டி வந்து குடியேறிய விவசாயிகள், காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, நிலமாக்கிக் கொண்டிருந்தார்கள். உழுவதற்குப் பெரும்பாலும் மாடுகள்தான். ஆனால் மில்லுக்குத் தானிய மூட்டை கொண்டுபோக, சர்ச்சுக்குப் போக, நடுராத்திரியில் டாக்டரைக் கூட்டி வர குதிரை வேண்டும்.

அதனால் ஓரளவு வசதியுள்ள விவசாயி ஒரு பெண் குதிரை வளர்ப்பார். அது வேலையும் செய்யும், குட்டியும் போடும். ஆண் குதிரை வளர்ப்பதுதான் தலைவலி. அது முரண்டு பிடிக்கும், மற்ற குதிரைகளோடு சண்டை போடும், வேலியைத் தாண்டி ஓடும். தனி லாயம் வேண்டும், பலமான கதவு வேண்டும், அதைப் பிடித்து நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். எல்லோராலும் முடியுமா? எனவே சுற்றுவட்டாரத்துக்கே ஒருவரோ இருவரோ மட்டும் ஆண் குதிரை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பெண் குதிரைகளை அங்கே ஓட்டிப் போவார்கள். இனவிருத்திக்காகவே வளர்க்கும் அந்த ஆண் குதிரையைப் பொலிகுதிரை என்று சொல்லலாம்.

ஆரம்ப காலத்தில் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. எல்லோர் குதிரைகளும் பொது மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் இஷ்டத்துக்குத் திரிந்தன. நோஞ்சான் ஆண் குதிரைகளும் அப்பா ஆகிவிட்டன. விளைவு? பிறந்த குட்டிகள் சிறுத்துப் போயின. மாசசூசெட்ஸ் அரசு கவலைப்பட்டு, 1668-ல் ஒரு சட்டமே போட்டது. நல்ல உடல்வாகும் 14 கை உயரமும் இல்லாத ஆண் குதிரையைப் பொது இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது!

'கை' என்பது குதிரையை அளக்கும் அளவு. உள்ளங்கையின் அகலம், அதாவது நான்கு அங்குலம். தரையிலிருந்து குதிரையின் தோள் மேடு வரை அளப்பார்கள். தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும் பிராணியை வேறு எப்படி அளப்பதாம்! 14 கை என்றால் 56 அங்குலம். இந்த 14 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

பொலிகுதிரை வியாபாரம் எப்படி நடந்தது தெரியுமா? வசந்த காலத்தில் தொடங்கி கோடை வரைதான் சீசன். பெண் குதிரை வயிற்றில் குட்டி இருப்பது சுமார் 11 மாதம். இந்த வருடம் வசந்தத்தில் இணை சேர்ந்தால், அடுத்த வருடம் பனி உருகிப் புல் முளைக்கும் நேரத்தில் குட்டி பிறக்கும். தாய்க்குத் தீனி கிடைக்கும், குட்டிக்குப் பால் கிடைக்கும். சீசன் வந்ததும் சொந்தக்காரர் குதிரையோடு புறப்படுவார். இந்த ஊர்ச் சத்திரத்தில் சில நாள், பக்கத்து ஊரில் சில நாள் என்று சுற்றி வருவார். எந்த ஊரில் எப்போது இருப்பார் என்பது விளம்பரத்தில் இருக்கும். குதிரையின் நிறம், உயரம், அதன் அப்பா யார், தாத்தா யார் என்பதும் இருக்கும். தாத்தா விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அளந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். யார் போய்ச் சரிபார்ப்பது?

கட்டணம் மூன்று விதம். ஒரு முறைக்கு மட்டும் என்றால் குறைவு. சீசன் முழுக்க என்றால் அதிகம். குட்டிக்கு உத்தரவாதம் என்றால் இன்னும் அதிகம், ஆனால் பெண் குதிரை சினையானால்தான் கொடுக்க வேண்டும். கையில் காசு புழங்காத காலம் அது. அதனால் பலர் அறுவடை முடிந்த பிறகு கோதுமையாக அளந்து கொடுத்தார்கள்.

இந்தத் தொழிலில் இருந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்! பெயர் ஜஸ்டின் மோர்கன். 1747-ல் மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற விவசாய ஊரில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பிறந்தார். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பார். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். தானே மெட்டு அமைப்பார். உடம்பு அவ்வளவு திடமில்லை. கடினமான பண்ணை வேலை முடியாது. இத்தனை வேலைகளுக்கு நடுவில் பொலிகுதிரைகளையும் பார்த்துக் கொண்டார். 1785-ல் அவர் பராமரித்த குதிரைகளில் ஒன்றின் பெயர் ட்ரூ பிரிட்டன்.

1788-ல் அவர் குடும்பத்தோடு வடக்கே வெர்மான்ட் மலைப் பகுதியில் உள்ள ராண்டால்ஃபுக்குக் குடிபெயர்ந்தார். 1791-ல் மனைவி இறந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு குட்டிக் குதிரை அவரிடம் வந்து சேர்ந்தது. பழைய ஊரில் ஒருவர் தர வேண்டிய கடனை வாங்கப் போனார், பணம் கிடைக்காமல் குதிரையோடு திரும்பினார் என்று கதை சொல்வார்கள். 1789-ல் பிறந்த அந்தக் குதிரைக்கு 'ஃபிகர்' என்று பெயர். அதன் அப்பா, வாத்தியார் முன்பு பராமரித்த அதே ட்ரூ பிரிட்டன் என்பது பலருடைய கருத்து.

1793 முதல் ஃபிகருக்கு வாத்தியார் கொடுத்த விளம்பரங்கள் வெர்மான்ட் பத்திரிகைகளில் வந்தன. வந்து பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஏன் தெரியுமா? ஃபிகரின் உயரம் சுமார் 14 கைதான்! எடை சுமார் 430 கிலோ. பழைய சட்டத்தின் கோட்டைத் தொட்டு நிற்கும் குள்ளன். இதனிடமிருந்து எப்படிப் பெரிய குட்டி வரும்?

ஆனால் அந்தக் குள்ளன் செய்த வேலையைக் கேளுங்கள். ராபர்ட் எவன்ஸ் என்பவர் காட்டைத் திருத்துவதற்காக ஃபிகரை வருடத்துக்கு 15 டாலர் வாடகைக்கு எடுத்தாராம். ஒரு நாள் மாலை, மர அறுவை மில்லுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் கிடந்தது. பெரிய குதிரைகளால் அதை இழுக்க முடியவில்லை. எவன்ஸ் பந்தயம் கட்டினார். மரத்தின் மேல் மூன்று ஆட்களை உட்காரவும் சொன்னார்! நாள் முழுக்க வேலை செய்து வந்திருந்த ஃபிகர், சுமார் 50 மீட்டர் தூரத்தை இரண்டு தடவை மட்டும் நின்று இழுத்து முடித்ததாம். 1796-ல் பிரூக்ஃபீல்டில் நியூயார்க்கிலிருந்து வந்த பந்தயக் குதிரைகளையும் ஓடித் தோற்கடித்ததாகச் சொல்கிறார்கள். இந்தக் கதைகளெல்லாம் பல வருடங்கள் கழித்துத்தான் புத்தகத்தில் ஏறின. வாய்வழியாக வந்தபோது மரம் கொஞ்சம் பெருத்திருக்கலாம்!

பொலிகுதிரைக்கு இதெல்லாம் போதாது. அது எவ்வளவு இழுத்தாலும், எவ்வளவு ஓடினாலும், குட்டிகள் எப்படி என்பதுதான் கேள்வி. இங்கேதான் ஒரு சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1793-ல் விளம்பரம் பார்த்து ஒரு விவசாயி தன் குதிரையை ஓட்டி வருகிறார். 1794-ல் குட்டி பிறக்கிறது. அது வளர்ந்து முழு வேலைக்குப் பழக நான்கு வயதாவது ஆக வேண்டும். அதாவது 1798. அதுவரை விளம்பரத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. குதிரைக்காரருக்கும் நல்ல பெயர் வரக் காத்திருக்க வேண்டும்.

வாத்தியாரால் காத்திருக்க முடியவில்லை. 1790-களின் நடுவில் ஃபிகரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். 1798 மார்ச் மாதம் இறந்தும் போனார். அவருடைய பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் வளர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் மலைக் கிராமங்களில் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. கறுப்பு, வெள்ளை, நெட்டை, குட்டை என்று எந்தத் தாய்க்குப் பிறந்தாலும், ஃபிகரின் குட்டிகள் ஃபிகர் மாதிரியே இருந்தன! அதே கட்டுமஸ்தான உடம்பு, அதே தூக்கிய கழுத்து, அதே சுறுசுறுப்பு. நாம் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் மரபணுக்களைப் பெறுகிறோம் என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு குணத்துக்கும் மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், எந்தப் பிரதி குட்டிக்குப் போனாலும் அதே குணம்தான் போகும். அந்தக் குணம் தாயின் குணத்தை அடக்கி மேலோங்கும் வகையாகவும் இருந்துவிட்டால், குட்டி அப்பாவை உரித்து வைத்திருக்கும். அந்த விவசாயிகளுக்கு மரபணு என்ற வார்த்தையே தெரியாது. கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஃபிகர் கை மாறிக்கொண்டே இருந்தது. ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது, சவாரி சுமந்தது. 1821-ல், 32 வயதில், வெர்மான்டில் டன்பிரிட்ஜ் பக்கம் இன்னொரு குதிரை உதைத்ததில் காயம்பட்டு இறந்தது. குளிர்காலத்தில்கூட லாயம் இல்லாமல் திறந்தவெளியில் விட்டிருந்தார்களாம். இவ்வளவு உழைத்த கிழட்டுக் குதிரைக்கு ஒரு கூரை போடக்கூடவா ஆளில்லை?

அதற்குள் அதன் மகன்கள் ஷெர்மன், உட்பரி, புல்ரஷ் மூன்றும் பொலிகுதிரைகளாக ஊர் சுற்றிக் கொண்டிருந்தன. அந்த வழியில் வந்தவைதான் 'மோர்கன்' இனக் குதிரைகள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெர்மான்ட் குதிரைப்படை வீரர்கள் இவற்றில்தான் போனார்கள். 1907-ல் அமெரிக்க அரசே வெய்பிரிட்ஜில் மோர்கன் குதிரைப் பண்ணை ஒன்றை நடத்தத் தொடங்கியது. 1921-ல் அங்கே ஃபிகருக்குச் சிலை வைத்தார்கள். 1961-ல் மோர்கன் குதிரை வெர்மான்டின் மாநில விலங்கு ஆனது.

இனத்துக்கு ஏன் 'ஃபிகர்' என்று பெயர் வரவில்லை? இது யாருடைய குதிரை என்று கேட்டால், ஜஸ்டின் மோர்கன் குதிரை என்று ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் குதிரைக்கே வாத்தியாரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மெட்டமைத்த 'மான்ட்கோமரி' என்ற பாடலை அமெரிக்காவில் இன்றைக்கும் கூட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள்.