வெறுங்கால் ஆட்டக்காரர்கள் - 9: கிளாஸ்கோவில் சலீம்

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடியதைப் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக ஒருவர் வெறுங்காலோடு இறங்கிவிட்டார். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் வலது விங் ஆட்டக்காரர் முகமது சலீம்.

1936-இல் சீன ஒலிம்பிக் அணி கல்கத்தா வந்து ஆடியது. முதல் ஆட்டத்தில் அசத்திய சலீமை இரண்டாவது ஆட்டத்தில் காணவில்லை. அதற்குள் சகோதரர் ஹஷீம் அவரை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார். ஹஷீம் கடை வைத்திருந்த ஸ்காட்ஸ்டன், கிளாஸ்கோ நகரில் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கிறது. அன்று கப்பல் கட்டும் யார்டுகள் நிறைந்திருந்த பகுதி. கப்பலை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் கால்பந்து எவ்வளவு முக்கியம் என்பதை ராயபுரத்துக்காரர்களுக்கும் திருவொற்றியூர்க்காரர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹஷீம் தம்மோடு சலீமைச் செல்டிக்குக்கு அழைத்துப்போனார். பூட்ஸ் போடாத ஆட்டக்காரரா என்று செல்டிக் மேனேஜர் வில்லி மேலிக்கு ஆச்சரியம். ஆடவிட்டுப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். முன்னாள் நட்சத்திரமும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி, சலீமின் பாதங்களில் பேண்டேஜ் சுற்றிவிட்டார். ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணியுடன் ஆட்டம். செல்டிக்கின் மாற்று அணி 7-1 என ஜெயித்தது. அதில் மூன்று கோல்கள் சலீம் எடுத்துக்கொடுத்த பந்துகளில் விழுந்தவை. பெனால்டி அடிக்கச் சொன்னபோது மட்டும் கூச்சத்தில் மறுத்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது, சகோதரர்தான் மொழிபெயர்த்தார். மறுநாள் பத்திரிகை அவருடைய பத்துக் கால்விரல்களையும் புகழ்ந்து தள்ளியது. ஹாமில்டன் அணியுடனான ஆட்டமும் 5-1 வெற்றி.

அவ்வளவுதான், இரண்டே ஆட்டம். ஊர் நினைப்பு வாட்டியது. அவரைத் தக்கவைக்க ஒரு நிதி ஆட்டம் நடத்தி வசூலில் ஐந்து சதவீதம் தருவதாக செல்டிக் சொன்னது. தன் பங்கை ஆதரவற்ற குழந்தைகளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார் சலீம். பல வருடம் கழித்து, உடம்பு முடியாமல் இருந்த அப்பாவுக்காக அவருடைய மகன் செல்டிக்குக் கடிதம் போட, நூறு பவுண்டுக்கு டிராஃப்ட் வந்தது. கிளப் மறக்கவில்லை.

ஆனால் நாம் சலீமை அந்த இரண்டு ஆட்டங்களுக்காக மட்டுமே நினைவில் வைத்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒப்பிட்டுப் பாருங்கள்: வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2018-இல் சென்னையின் எஃப்சியோடு ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கினார். பிறகு முழங்கால் காயம் அவருடைய நல்ல பருவத்தைத் தின்றது. சலீமைக் காயம் எதுவும் நிறுத்தவில்லை. திரும்பி வருவது என்று அவரே முடிவெடுத்தார். அவர் திரும்பியது சாதாரணக் கிளப்புக்கும் அல்ல. வெள்ளைக்காரர்களின் ராணுவ அணிகள் பூட்ஸோடு கோலோச்சிய கல்கத்தா லீக்கை 1934-இல் முதன்முதலாக வென்ற இந்தியக் கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். அடுத்த நான்கு வருடமும் அதே கிளப்தான். கிளாஸ்கோவிலிருந்து வந்தவர் 1937, 1938 வெற்றிகளிலும் வலது ஓரத்தில் ஓடினார்.

(தொடரும்)