கணக்காய்வாளர் கையெழுத்துப் போட மறுத்தால்

பாலோ தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் சம்பளத்தில் மாதாமாதம் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. அந்தப் பணம் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் முதலீடாகிறது. மரபுவழிக் கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவைச் சட்டம் உறுதிசெய்கிறது. அதற்கு மேல் கிடைப்பது, வாரியம் முதலீடு செய்த நிறுவனங்கள் உண்மையான கணக்கு எழுதுவதைப் பொறுத்தது.

செர்பா டினாமிக் என்ற எண்ணெய், எரிவாயுச் சேவை நிறுவனத்தின் பெரும்பங்குதாரர்களில் சேமநிதி வாரியமும் இருந்தது. 2021 மே மாதம், அதன் கணக்காய்வாளரான கேபிஎம்ஜி, நூற்றுக்கணக்கான கோடி வெள்ளி மதிப்புள்ள விற்பனையையும் நிலுவைகளையும் சரிபார்க்க முடியவில்லை என்று கேள்வி எழுப்பியது. பில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு கணக்காய்வு முடிவதில்லை. வாங்கியவர் உண்மையில் இருக்கிறாரா, நிலுவையை அவரே ஒப்புக்கொள்கிறாரா என்று நிறுவனத்தின் கை படாமல் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நிறுவனமோ பதில் தருவதை விட்டு, கேட்டவர்மீதே வழக்குப் போட்டது. ஜூன் மாதமே கேபிஎம்ஜி விலகியது.

அதன்பின் நடந்ததுதான் கடன் வாங்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பாடம். அப்போது பேங்க் நெகாராவின் ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதம் 1.75 விழுக்காடு, அவ்வளவு தாழ்ந்த வட்டி அதற்கு முன் இருந்ததில்லை. நாடே மலிவாகக் கடன் வாங்கிய அந்த நேரத்தில் செர்பாவுக்குக் கதவுகள் அடைபட்டன. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அதன் மதிப்பைக் குறைத்தன. கையில் அதன் சுக்குக் எனும் இஸ்லாமியக் கடன்பத்திரங்களை வைத்திருந்தவர்கள் வந்த விலைக்கு விற்றார்கள். வட்டி என்பது நாட்டின் அடிப்படை விகிதத்தோடு, கொடுத்தவரின் பயத்துக்கான விலையும் சேர்ந்தது. கணக்கை நம்ப முடியாதபோது அந்தப் பயத்துக்கு உச்சவரம்பே கிடையாது. 2022 மே மாதம் தவணை முடிந்த டாலர் சுக்குக்கை நிறுவனத்தால் திருப்பிக் கட்ட முடியவில்லை. 2023 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

2020-ஆம் ஆண்டு வருமானம் 601 கோடி வெள்ளி என்று பொய்யாக அறிவித்ததாக நிறுவனத்தின்மீதும் அதன் உயர் அதிகாரிகள்மீதும் சாட்டப்பட்ட குற்றம், மொத்தம் 1.6 கோடி வெள்ளி அபராதத்தோடு முடித்துவைக்கப்பட்டது. பங்கு வாங்கி இழந்த சாதாரணக் குடும்பங்களுக்கு அதில் ஒரு சென்கூடக் கிடைக்கவில்லை. இதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன்.

பங்கு வாங்கும் முன் ஆண்டறிக்கையில் கணக்காய்வாளர் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 'கருத்துக் கூற இயலவில்லை' என்றோ, 'இந்த அம்சம் நீங்கலாக' என்றோ இருந்தால் காரணத்தை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. கணக்காய்வாளர் பாதியில் விலகினால் அது பெரிய எச்சரிக்கை. நிறுவனம் கலைக்கப்படும்போது பங்குதாரர்தான் வரிசையின் கடைசியில் நிற்பார். ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கு ஒரு வரம்புவரை முன்னுரிமை உண்டு. ஆகவே ஊழியர்கள் கலைப்பாளரிடம் எழுத்து மூலம் கோரத் தாமதிக்கக் கூடாது.

உள்ளே வேலை செய்கிறவருக்குப் போலி பில் கண்ணில் பட்டால் 2010-ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பங்குப் பத்திர ஆணையம், எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்), எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு. முகநூலில் எழுதினால் கிடையாது.

பாலோவில் லாரி ஓட்டும், பழக்குலை ஏற்றும் சிறு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 முதல் சிறு நிறுவனங்களுக்கான கணக்காய்வு விலக்கு படிப்படியாக விரிகிறது. செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் வங்கி கடனுக்குமுன் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்கும்போது, அதைச் சரிபார்த்த வெளியாள் ஒருவரும் இல்லையென்றால், வட்டி ஏறலாம். வீட்டை அடமானம் வைக்கவோ சொந்தப் பெயரில் உத்தரவாதம் தரவோ கேட்கலாம். அடுத்த லாரிக்குக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், விலக்குப் படிவத்தில் கையெழுத்திடும் முன் வங்கி அதிகாரியிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.