பீட்டில்ஸின் மோசமான பாடல் எது?

ஒரு கலைஞரின் தலைசிறந்த படைப்பு எது என்று கேட்டால், ரசிகர்களின் பதில்கள் பெரும்பாலும் நான்கைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும். மோசமான படைப்பு எது என்று கேட்டுப் பார்த்தால்தான் உண்மையான வாக்குவாதம் தொடங்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து புறப்பட்ட பீட்டில்ஸ் இசைக் குழுவின் ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வாக்குவாதத்தை நடத்திவருகிறார்கள். அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு 1962 அக்டோபரில் வெளியானது. 1970 ஏப்ரலில் குழு பிரிந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. எட்டாண்டுகளுக்கும் குறைவான அந்தக் காலத்தில் அவர்கள் முறைப்படி வெளியிட்டவை இருநூறுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள். அவற்றுள் எவை இடம்பெற்றிருக்கவே கூடாது என்பது ரசிகர்களின் முதல் சர்ச்சை. வெளியிடப்படாமல் பெட்டிக்குள் கிடந்த ஒலிப்பதிவுகளில் எவை வெளிவந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது சர்ச்சை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவை பொழுதுபோக்காளர்களின் வீண் பேச்சாகத் தோன்றலாம். ஆனால், இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். ஒரு படைப்பாளி எதை வைத்துக்கொள்கிறார், எதைத் தள்ளுகிறார், அந்தத் தேர்வை மறுபரிசீலனை செய்யும் உரிமை பிற்காலத்தவருக்கு உண்டா என்பதே அந்தக் கேள்வி.

ஒரே நாள், இரண்டு பாடல்கள்

இரண்டு சர்ச்சைகளும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு நாளையே சுட்டிக்காட்ட முடியும். 1964 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறர் பாடிப் பழகிய இரண்டு அமெரிக்கப் பாடல்களை பீட்டில்ஸ் பதிவுசெய்தார்கள். ஒன்று ‘மிஸ்டர் மூன்லைட்’. மற்றொன்று ‘லீவ் மை கிட்டன் அலோன்’. இரண்டிலும் முதன்மைக் குரல் ஜான் லெனனுடையது. முதல் பாடல் அக்டோபரில் மீண்டும் செப்பனிடப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான ‘பீட்டில்ஸ் ஃபார் சேல்’ இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. இரண்டாவது பாடல் கிடப்பில் போடப்பட்டது. அது முறைப்படி வெளிவர 1995 வரை, அதாவது 31 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

‘மிஸ்டர் மூன்லைட்’ அந்தக் குழுவின் மிக மோசமான பாடல்களுள் ஒன்று என்பதில் ரசிகர்களிடையே அரிதான ஒற்றுமை நிலவுகிறது. தொடக்கத்தில் லெனனின் குரல் வீறுடன் எழுகிறது. பிறகு மின்ஆர்கனின் சோர்ந்த ஓசை பாடலைத் தளரவைத்துவிடுகிறது. வெளியில் நிறுத்தப்பட்ட பாடலோ துடிப்பும் முரட்டுத்தனமும் நிறைந்தது. ஒரே நாளில், ஒரே குரலில் உருவான இரண்டில் நலிந்ததை அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். பிப்ரவரியில் முதல் அமெரிக்கப் பயணம், பிறகு ஒரு முழுநீளத் திரைப்படம், ஜூலையில் 13 சொந்தப் பாடல்களைக் கொண்ட ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ தொகுப்பு, இடையில் ஆஸ்திரேலியா வரை நீண்ட சுற்றுப்பயணம், மீண்டும் அமெரிக்கா. இவ்வளவுக்கும் பிறகு கிறிஸ்துமஸ் விற்பனைக்கு இன்னொரு தொகுப்பு தேவைப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு தொகுப்புகள், அவற்றுக்கு அப்பால் தனி இசைத்தட்டுகள் என்பதே அன்றைய வணிக நியதி. விளைவாக, ‘பீட்டில்ஸ் ஃபார் சேல்’ தொகுப்பின் 14 பாடல்களில் ஆறு பிறருடையவை. உறையில் நால்வரின் முகங்களும் களைத்துக் காணப்படுகின்றன. நலிந்த பாடல் ஒன்று எப்படி உருவாகிறது என்பதை எந்த வெற்றிப் பாடலும் சொல்லித் தராது. இந்தத் தொகுப்பு சொல்லித் தருகிறது.

பலவீனம் ஒரே வகையல்ல

மோசமான பாடல்களின் பட்டியல்களை ஒப்பிட்டால், ‘மோசம்’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருப்பது புலப்படும். ‘மிஸ்டர் மூன்லைட்’ அவசரத்தின் பலவீனம். 1965இல் வெளியான ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ பாடலின் குறை வேறுவகை. இசையளவில் அது கச்சிதமானது. ஆனால், தன்னை விட்டுப் பிறரை நாடினால் கொன்றுவிடுவேன் என்று ஒருவன் தன் காதலியை மிரட்டுவதே அதன் பொருள். அதை எழுதிய லெனனே பிற்காலப் பேட்டிகளில் அந்தப் பாடலைத் தாம் வெறுப்பதாகச் சொன்னார். இங்கே தோற்றது கலைத்திறன் அல்ல, அறவுணர்வு. வெளியான காலத்தில் பெரிதாக உறுத்தாத ஒரு பாடல் இன்றைய செவிக்கு உறுத்துவது, கேட்பவர்களின் சமூகம் மாறியிருப்பதற்கும் சான்று.

மூன்றாவது வகை, சோதனையின் பலவீனம். 1968இல் வெளியான ‘ரெவல்யூஷன் 9’ எட்டு நிமிடங்களைத் தாண்டும். அதில் மெட்டு இல்லை, தாளம் இல்லை. ஒலிநாடாத் துண்டுகளும் பேச்சொலிகளும் கூச்சலும் ஒட்டப்பட்ட ஒலிக்கோவை அது. பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஆனால், ஐரோப்பிய நவீன இசைக்கூடங்களுக்குள் அடங்கியிருந்த ஒரு முயற்சியைப் பல லட்சம் வீடுகளுக்குள் கொண்டுசென்றது அந்தப் பதிவுதான். கேட்க இனிமையற்றது என்பதும் தேவையற்றது என்பதும் ஒன்றல்ல. பட்டியல் போடுகிறவர்கள் இந்த மூன்று வகைகளையும் ஒரே தராசில் நிறுத்துவதால்தான் விவாதம் முடிவுக்கு வருவதில்லை.

ரிஷிகேஷிலிருந்து வந்த மூட்டை

‘ரெவல்யூஷன் 9’ இடம்பெற்ற இசைத்தொகுப்பு, அதன் வெற்று வெள்ளை உறையால் ‘வெள்ளைத் தொகுப்பு’ என்றே அழைக்கப்படுகிறது. இரண்டு இசைத்தட்டுகளில் 30 பாடல்கள். அவற்றில் பல 1968இன் தொடக்கத்தில், ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது எழுதப்பட்டவை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், நலிந்தவற்றைக் களைந்து ஒரே இசைத்தட்டாக வெளியிட்டிருக்கலாம் என்று கருதினார். பால் மெக்கார்ட்னி அதை ஒருபோதும் ஏற்கவில்லை. எந்தப் பாதியை நீக்குவது என்பது அன்றுமுதல் ரசிகர்களின் தீராத விளையாட்டு. விளையாடியவர்களுக்கு ஒன்று தெரியும்: இரண்டு பேரின் 14 பாடல் பட்டியல்கள் ஒத்துப்போவதே இல்லை.

இந்தத் தொகுப்பின் முன்வரைவுகள் இன்று கிடைக்கின்றன. இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகு, 1968 மே மாதம், ஈஷர் என்ற ஊரிலிருந்த ஜார்ஜ் ஹாரிசனின் வீட்டில் வெறும் கித்தார்களுடன் பாடிப் பார்த்த 27 பதிவுகள் அவை. பல்லாண்டுகள் திருட்டு இசைத்தட்டுகளாகக் கைமாறிய பின், 2018இல் அவை முழுமையாக, முறைப்படி வெளியிடப்பட்டன. அவற்றில் 19 பாடல்களே வெள்ளைத் தொகுப்பை எட்டின.

மற்ற எட்டும் என்னவாயின என்பதுதான் சுவையான பகுதி. இரண்டு பாடல்கள் அடுத்த ஆண்டு ‘ஆபி ரோட்’ தொகுப்புக்குள் நுழைந்தன. மெக்கார்ட்னியின் ‘ஜங்க்’ 1970இல் அவருடைய முதல் தனித்தொகுப்பில் வந்தது. லெனனின் ‘சைல்ட் ஆஃப் நேச்சர்’ ரிஷிகேஷில் கேட்ட ஒரு சொற்பொழிவின் தாக்கத்தில் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதன் சொற்களை அவர் முற்றிலும் கைவிட்டார்; மெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். 1971இல் அந்த மெட்டு ‘ஜெலஸ் கை’ ஆனது. இன்று அவருடைய மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஹாரிசனின் ‘நாட் கில்ட்டி’ பாடலைக் குழு நூறு தடவைக்கு மேல் முயன்று, கடைசியில் நீக்கியது. 1979இல் அவர் அதைத் தனியாகப் பாடி வெளியிட்டார்.

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. இறுதிப் பாடம் ஒன்றுதான். ஆனால், அது இறுதியானது எப்படி என்பதைப் பேதங்களே சொல்லும். மேதைமை என்பது தானே ஊறிவரும் ஊற்று என்ற மயக்கம் எல்லாக் காலத்திலும் உண்டு. நூறு முறை முயன்றும் சரிவராத ஒரு பாடலின் பதிவு அந்த மயக்கத்தைத் தெளிவிக்கிறது. இசை கற்கும் ஓர் இளைஞருக்கு, குறையற்ற பத்துப் பாடல்களைவிட இது அதிகம் உதவக்கூடும்.

காப்பாற்றியவர்கள் யார்?

இவையெல்லாம் நம் கைக்கு வந்தது நிறுவனங்களின் தொலைநோக்கால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1962 முதல் 1965 வரை பீட்டில்ஸ் பிபிசி வானொலியின் 52 நிகழ்ச்சிகளில் பங்கேற்று, 88 வெவ்வேறு பாடல்களைப் பாடினார்கள். அவற்றுள் 36 பாடல்கள் அன்று அவர்களது எந்த இசைத்தட்டிலும் இல்லாதவை. அந்த நாடாக்களில் பெரும்பாலானவற்றை வானொலி பாதுகாக்கவில்லை. ஒலிநாடா விலை உயர்ந்த பொருள். ஒருமுறை ஒலிபரப்பானதை அழித்து மறுபடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். பிற்காலத்தில் அதிகாரபூர்வத் தொகுப்புகளை உருவாக்கியபோது, வீட்டிலிருந்தபடியே வானொலியைப் பதிவுசெய்து வைத்திருந்த நேயர்களின் நாடாக்களும் துணைக்கு வந்தன.

இன்னும் பழையது ஒன்றுண்டு. 1958இல், குழுவுக்கு ‘குவாரிமென்’ என்று பெயர் இருந்தபோது, லிவர்பூலில் ஒரு சிறிய கூடத்தில் இரண்டு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். இருந்தது ஒரே ஒரு தட்டு. அது அன்று பியானோ வாசித்தவரிடம் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதை விலை கொடுத்து வாங்கினார். இடையில் வீடு மாறும்போது யாரேனும் அதைக் குப்பையில் எறிந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1969 ஜனவரியில் நடந்த ஒலிப்பதிவு அமர்வுகளின் அசல் நாடாக்கள் திருடுபோயின. 2003இல் லண்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த காவல் துறைச் சோதனைகளில் சுமார் 500 நாடாக்கள் மீட்கப்பட்டன. சேகரிப்பாளரின் ஆசை காப்பாற்றவும் செய்யும், களவுக்குச் சந்தையும் அமைத்துத் தரும்.

சட்டமும் இதில் எதிர்பாராத பங்காற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் காப்புரிமைக் காலத்தை 50லிருந்து 70 ஆண்டுகளாக நீட்டித்தது. ஆனால், 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. உடனே, 2013 டிசம்பரில், 1963ஆம் ஆண்டின் 59 பதிவுகள் பெரிய விளம்பரம் எதுவுமின்றி இணையத்தில் விற்பனைக்கு வந்தன. அரிய பதிவுகள் வெளிவரக் கலை ஆர்வம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

நிறைவுசெய்யும் உரிமை

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியிட்டுவிடலாமா? 1967 ஜனவரியில் லண்டனில் நடந்த ஒரு கலைநிகழ்ச்சிக்காகப் பதிவுசெய்யப்பட்ட ‘கார்னிவல் ஆஃப் லைட்’ ஏறத்தாழ 14 நிமிட ஒலிச்சோதனை. தொண்ணூறுகளில் அதை வெளியிட மெக்கார்ட்னி விரும்பினார், ஹாரிசன் உடன்படவில்லை. அது இன்றுவரை வெளிவரவில்லை. கேட்கக் கிடைக்காததாலேயே அதன் புகழ் வளர்ந்துகொண்டிருக்கிறது.

2023 நவம்பரில் வெளியான ‘நவ் அண்ட் தென்’ இதைவிடச் சிக்கலானது. எழுபதுகளின் பிற்பகுதியில் லெனன் வீட்டில் பியானோவுடன் பாடிவைத்த நாடா அது. 1995இல் மற்ற மூவரும் அதை முழுமையாக்க முயன்று, ஒலித்தரம் சரியில்லாததால் கைவிட்டார்கள். பிறகு, இயந்திரக் கற்றல் நுட்பத்தால் பியானோவிலிருந்து குரலைத் தனியே பிரிக்க முடிந்தது. பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1980இல் கொல்லப்பட்ட லெனனிடமும் 2001இல் மறைந்த ஹாரிசனிடமும் இறுதி வடிவத்துக்கு யாரும் ஒப்புதல் கேட்டிருக்க முடியாது. நெகிழ்ச்சியோடு கேட்டவர்கள் பலர். அது லெனனின் பாடல்தானா என்று கேட்டவர்களும் உண்டு. இரு தரப்பையும் குறைசொல்ல முடியாது.

இங்கே மூன்று செயல்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பாதுகாப்பது கடமை; அதில் தரம் பார்க்கக் கூடாது, ஏனெனில் எது மதிப்புடையது என்பதை அந்தக் காலமே அறிந்திருக்காது. வெளியிடுவது ஒரு தேர்வு. முன்வரைவு முன்வரைவாகவே அடையாளம் காட்டப்பட வேண்டும். நிறைவுசெய்வது வேறொரு படைப்பு. அதைச் செய்தவரின் பெயரும் பொறுப்பும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். தொழில்நுட்பம் இந்த மூன்றுக்கும் இடையிலான கோடுகளை வேகமாக அழித்துவருகிறது. நாளை ‘மிஸ்டர் மூன்லைட்’ பாடலின் மின்ஆர்கனை நீக்கிவிட்டு ஒரு நல்ல வடிவத்தைத் தயாரித்துத் தருவது யாருக்கும் கடினமாக இராது.

அப்படி ஒரு வடிவம் வந்தால், பாடல் ஒருவேளை மேம்படலாம். ஆனால், 1964இல் களைத்துப்போன நான்கு இளைஞர்கள் கெடுவுக்குள் முடித்துத் தந்த அந்த நாள் அதிலிருந்து காணாமல் போய்விடும். மோசமான பாடல் எது என்று ரசிகர்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த நாளுக்கு ஆபத்தில்லை.