கடலை வேரில் குடியிருப்பது யார்?

டெல்லி சரோஜினி நகர் விநாயகர் கோவிலில் சதுர்த்திச் சுண்டல் சாப்பிடுகிறோம். அந்தக் கொண்டைக்கடலையின் புரதத்தில் உள்ள தழைச்சத்தில் கணிசமான பங்கு காற்றிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக் கொடுப்பது செடியின் வேரில் முடிச்சுப் போட்டு வாழும் பாக்டீரியா. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பாக்டீரியாக்களை எப்படி இனம் பிரிப்பது? முதலில், எந்தச் செடியில் முடிச்சுப் போடுகிறதோ அதை வைத்துப் பிரித்தார்கள். பிறகு பாக்டீரியாவை வளர்க்கும் அகார் தட்டு வந்தது. அதில் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைக் கலந்தால், வேகமாக வளர்பவை அமிலம் சுரந்து தட்டின் பச்சை நிறத்தை மஞ்சளாக்கும். மெதுவாக வளர்பவை நீலமாக்கும். மெதுவானவற்றுக்கு 1982இல் பிராடிரைசோபியம் என்ற தனிப் பேரினமே கிடைத்தது. கடலையின் கூட்டாளிப் பாக்டீரியாவின் பெயரோ 1994இல் ரைசோபியம் சிசெரி, 1997இல் மீசோரைசோபியம் சிசெரி!

பெயர் ஏன் இப்படி மாறுகிறது? முடிச்சுப் போடும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. நியூசிலாந்து வயல் ஒன்றில் இது நடந்ததை 1995இல் காட்டினார்கள். செடியை நம்பிப் பெயர் வைத்தால் ஏமாறுவோம். அதனால் இன்று முழு மரபணுத் தொகுதியையே ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை 95–96 சதவீதத்தைத் தாண்டினால் ஒரே இனம்.

விவசாயிக்கு இனப்பெயர் மட்டும் போதாது. ஒரே இனத்தில் ஒரு ரகம் தழைச்சத்தை அள்ளித் தரும். இன்னொன்று செடியின் சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும்.