விலையை முன்னறிந்த அளவுகோல்

அமெரிக்காவில் கடன் பெற்று வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் காணும் காட்சி இது. விற்பவரும் வாங்குபவரும் பேரம் பேசி, ஒரு விலையில் ஒன்றுபட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முடித்த பின்னர், இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாமவரான மதிப்பீட்டாளர் ஒருவர் அளவுக் கருவியும் ஒளிப்படக் கருவியுமாக அவ்வீட்டுக்குள் நுழைகிறார். அறை அறையாக நடக்கிறார். வெளிச்சுவர்களின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறார். சில நாள்களில் ஓர் எண்ணை எழுதிக் கடன்தரும் வங்கிக்கு அனுப்புகிறார். அவருக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குபவரே செலுத்துகிறார்; ஆயினும் அவர் உழைப்பது வங்கிக்காக. தவணை நின்றுபோனால் இவ்வீடு கடனை ஈடுகட்டுமா என்பதே வங்கியின் கவலை.

அந்த எண்ணின் வலிமையைக் கணக்கிட்டே காணலாம். ஒப்பந்த விலை 4,00,000 டாலர். வங்கி 80 விழுக்காடு கடன் தரும் என்று கொள்வோம். மதிப்பீடும் அதே தொகையாக வந்தால் வாங்குபவர் கையிலிருந்து இடவேண்டியது 80,000 டாலர். மதிப்பீடு 3,80,000 என வந்துவிட்டாலோ, இரண்டில் குறைந்த தொகையையே வங்கி அடிப்படையாகக் கொள்ளும். கடன் 3,04,000 ஆகச் சுருங்கும். கைப்பணம் 96,000 ஆக உயரும். அந்த 16,000 டாலரை உடனே திரட்ட வேண்டும், அல்லது விற்பவரை இறங்கிவரச் செய்ய வேண்டும். இரண்டும் கைகூடாவிடில், ஒப்பந்தம் இடம் தந்தால் விலகிக்கொள்ளலாம்.

மதிப்பிடும் முறைகள் மூன்று. வாடகையைக் கொண்டு விலையை உய்த்தறிவது ஒன்று; குடியிருக்க வாங்கும் தனி வீடுகளுக்கு அது மிகுதியும் உதவாது. செலவு முறை மற்றொன்று: மனையின் விலையோடு, அதே வீட்டை இன்று கட்டுவதற்கான செலவைக் கூட்டித் தேய்மானத்தைக் கழிப்பது. நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீடாயினும், நன்கு பேணப்பட்டிருந்தால் அதன் அகவையைப் பதினைந்து என்றே கொள்வர். அறுபது ஆண்டு வாழ்நாளில் கால்பங்கே கழிந்ததாகக் கணக்கு. தேய்வு என்பதும் பலவகைப்படும். கூரை ஒழுகுவது ஒருவகை. ஒரு படுக்கையறையைக் கடந்துதான் இன்னொன்றுக்குச் செல்ல இயலும் என்பது வேறுவகை. வீட்டில் ஒரு குறையும் இல்லாதபோதே, அருகில் நெடுஞ்சாலை வந்து இரைச்சலிட்டால் அதுவும் தேய்வே.

தனி வீடுகளைப் பொறுத்தவரை ஆட்சி செலுத்துவது மூன்றாவதான ஒப்பீட்டு முறை. அண்மையில் அண்டையில் விற்று முடிந்த, ஒத்த வீடுகள் குறைந்தது மூன்றையேனும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கித் தொகுக்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதி. முற்றிலும் ஒத்த இரு வீடுகள் உலகில் இல்லை. ஆதலால் வேற்றுமைகளுக்குப் பணத்தால் ஈடு காண வேண்டும். விற்ற வீடு ஒன்று 4,10,000 டாலருக்குப் போனது என்று கொள்வோம். அதில் ஒரு குளியலறை கூடுதல். அவ்வட்டாரத்தில் அதன் பெறுமதி 8,000 எனில் அதைக் கழிப்பர். நம் வீடோ 150 சதுர அடி பெரியது. சதுர அடிக்கு 60 டாலர் எனில் 9,000 டாலரைக் கூட்டுவர். வருவது 4,11,000. திருத்தம் அனைத்தும் விற்ற வீட்டின் விலைமீதே நிகழும். நம் வீட்டின் விலைமீது கைவைக்க வழியில்லை, இனிமேல்தான் அதைக் கண்டறிய வேண்டும். இவ்வாறு கிட்டும் மூன்று எண்களின் சராசரியை எடுப்பதும் தவறு. எந்த வீட்டுக்கு மிகக் குறைந்த திருத்தம் வேண்டியிருந்ததோ அதன் சான்றே வலிது.

பரப்பளவை அளப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. 2022 ஏப்பிரல் முதல் ஃபேனி மே வற்புறுத்தும் தேசியத் தரநிலையின்படி, தரைமட்டத்துக்குக் கீழ் சிறிதளவே இறங்கியிருந்தாலும் அத்தளம் வீட்டின் வாழிடப் பரப்பில் சேராது, தனியே காட்டப்படும். கூரையின் உயரம் பொதுவாக ஏழடியேனும் இருத்தல் வேண்டும். மரத்தளமும் மென்விளக்குமாய் ஒளிரும் நிலவறையைக் கண்டு மயங்கி விலை பேசியவர்கள் அறிக்கையைக் கண்டு திடுக்கிடுவது இதனால்தான்.

குளியலறைக்கு 8,000 என்று யார் சொன்னார்? குளியலறை ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒத்த இரு விற்பனைகளை இணைத்துக் காண்பது பழைய வழி. அத்தகைய இணை கிடைப்பது அரிது. 1922இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஹாஸ், பண்ணை நில விற்பனைகளைத் தொகுத்து, மண்ணின் வளம், கட்டடங்கள், நகரத்துக்கான தொலைவு ஆகிய ஒவ்வொன்றும் விலையில் எவ்வளவு பங்கு பெறுகின்றன என்பதைப் புள்ளியியலால் பிரித்துக் காட்டினார். 1974இல் பொருளியலறிஞர் ஷெர்வின் ரோசன் அவ்வழிக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டார்: சந்தை வீட்டை ஒரு பொருளாக விற்கவில்லை, பண்புகளின் தொகுதியாக விற்கிறது; ஒவ்வொரு பண்புக்கும் மறைவிலை ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான விற்பனைகள் நிகழும் மாநகரில் இக்கணக்கு அழகாகப் பொருந்தும். ஆண்டுக்குச் சில பத்து வீடுகளே கைமாறும் சிற்றூரில், பெரிய வீடுகளிலேயே குளியலறைகளும் மிகுந்திருக்கும். எதன் விலை எதனுடையது என்று பிரிக்க இயலாது. அங்கே மதிப்பீட்டாளரின் பட்டறிவே கணிதத்தின் இடத்தைப் பிடிக்கிறது.

பட்டறிவு எளிதில் சாயக்கூடியது. தொழில்நெறி விதிகளின்படி மதிப்பீட்டாளர் ஒப்பந்தத்தைப் படித்து ஆராய்ந்தே ஆகவேண்டும். ஆகவே விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கணக்கைத் தொடங்குகிறார். மருந்தாய்வில் எவருக்கு மருந்து, எவருக்கு வெற்று மாத்திரை என்பதை மருத்துவரிடமே மறைக்கும் அறிவியல் மரபை அறிந்தவர்க்கு இது உறுத்தும். 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்னும் ஆய்வாளர்கள் அரிசோனாவின் டூசான் நகரில் வீட்டுத் தரகர்களையும் மாணவர்களையும் ஒரே வீட்டுக்குள் அழைத்துச் சென்று மதிப்பிடச் சொன்னார்கள். தரப்பட்ட தாள்கள் எல்லார்க்கும் ஒன்றே. விற்பவர் கேட்கும் விலை மட்டும் குழுவுக்குக் குழு வேறு. உயர்ந்த விலையைக் கண்டோர் உயர்வாகவும், தாழ்ந்ததைக் கண்டோர் தாழ்வாகவும் மதிப்பிட்டனர். தொழில் தெரிந்த தரகர்களும் தப்பவில்லை. கேட்கும் விலை தம்மை ஈர்த்ததை மாணவர்கள் ஓரளவு ஒப்புக்கொண்டனர். தரகர்களில் பெரும்பாலோர் மறுத்தனர்.

ஆய்வுக்கு வெளியிலும் இதே சாயல்தான். கடனுக்கான மதிப்பீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஒப்பந்த விலைக்குச் சமமாகவோ மேலாகவோ அமைகின்றன என்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. சார்பற்ற அளவீடாயின் பிழைகள் இருபுறமும் ஏறக்குறைய ஒத்துச் சிதறியிருக்க வேண்டும். ஒப்பந்த விலையும் ஒரு சந்தைச் சான்றுதானே என்பர், மெய்தான். ஆயின் முதலில் தம் எண்ணை எழுதி முத்திரையிட்டு, அதன்பின் ஒப்பந்தத்தைத் திறந்து காணச் செய்தால் அச்சான்று கெட்டுவிடாது. இம்மாற்றத்தை ஏன் செய்யக்கூடாது என்பதற்கு வலுவான விடை எனக்குத் தென்படவில்லை. சேமிப்புக் கடன் நிறுவனங்கள் சரிந்த பின் 1989இல் வந்த சட்டம் மதிப்பீட்டாளர்க்கு மாநில உரிமத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பின் 2010இல் வந்த சட்டம் அவர்களை நெருக்குவதைத் தடுத்தது. மிரட்டும் தொலைபேசிக் குரல் அடங்கியது. தாளில் தெரியும் எண் அப்படியே இருக்கிறது.

ஒப்பீட்டு முறைக்கு இதனினும் ஆழ்ந்த நோய் ஒன்றுண்டு. 1930களில் அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளை நான்காகத் தரம்பிரித்து நிறமிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் கடைத்தரத்துக்குரிய சிவப்பாயின. 1968இன் சட்டம் குடியிருப்பில் இன வேற்றுமை காட்டுவதை விலக்கியது. எனினும் அண்டை வீட்டின் விற்பனையைக் கொண்டு இவ்வீட்டை அளக்கும்போது, நேற்றைய புறக்கணிப்பு இன்றைய சான்றாக அறிக்கையில் ஏறிவிடுகிறது. 2021இல் ஃபேனி மேயைப் போன்ற ஃபிரெடி மேக் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, மதிப்பீடு ஒப்பந்த விலைக்குக் கீழே விழும் வீடுகளின் பங்கு வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் 7.4 விழுக்காடு, கறுப்பினத்தார் மிகுந்த பகுதிகளில் 12.5, லத்தீன் மக்கள் மிகுந்தவற்றில் 15.4 என்று காட்டியது.

கணினியே மதிப்பிடட்டும், அதற்கு நிறவெறி இல்லை என்று ஆறுதல் கூறுவோர், அது பயின்ற பாடமும் அதே விற்பனைப் பதிவுகள்தாம் என்பதை மறக்கின்றனர். தன் கணினிக் கணிப்பை நம்பி வீடுகளையே வாங்கி விற்கப் புகுந்த சில்லோ நிறுவனம், விலைப்போக்கைப் போதிய உறுதியோடு கணிக்க இயலவில்லை என்று கூறி 2021இல் அத்தொழிலை மூடியது.

குறைந்த மதிப்பீடு வந்தால் வங்கி வழியே மறுபரிசீலனை கோரலாம். அறிக்கையின் படியை வாங்கிப் பரப்பளவையும் அறைகளின் எண்ணிக்கையையும் முதலில் சரிபார்க்க வேண்டும். அதன்பின் மதிப்பீட்டாளர் விட்டுவிட்ட, இன்னும் அருகிலுள்ள, இன்னும் அண்மைய விற்பனைகளை, ஐந்துக்கு மிகாமல், முன்வைக்கலாம். சமையலறையைப் புதுப்பிக்க விற்பவர் எவ்வளவு செலவழித்தார் என்ற பற்றுச்சீட்டு அங்கே எடுபடுவது அரிது. அதுபோன்ற சமையலறையுள்ள வீடு அடுத்த தெருவில் என்ன விலைக்குப் போனது என்ற பதிவு எடுபடும்.