பெட்டியில் 5.1, காதில் எத்தனை?

"எய்யா, பாட்டு வந்தா வீடே அதிருது. ஆனா அவுக என்ன பேசுதாகன்னுதான் ஒண்ணும் வெளங்கல!"

மும்பையில் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரின் தாயார் சொன்னது இது. அவருக்கு வயது 72. நெல்லைச் சீமையில் இருந்து மகனோடு இருக்க வந்தவர். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பகல் முழுவதும் தமிழ்ப்படம்தான் அவருக்குத் துணை. காது சற்று மந்தம்.

அம்மா வசனத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அண்ணாச்சி இந்த ஆண்டு போனஸ் பணத்தில் ஒரு "ஹோம் தியேட்டர்" வாங்கினார். ரெயில்வே போனஸ் எவ்வளவு என்று வாசகர்களில் பலருக்குத் தெரியும். 78 நாள் சம்பளம் என்று பேர். கைக்கு வருவது அதிகபட்சம் 17 ஆயிரத்து 951 ரூபாய். அதில் 14 ஆயிரத்து 500 ரூபாயை ஒரு கடையில் எண்ணி வைத்துவிட்டு, பெட்டியை லோக்கல் ரெயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏற்றி, வியர்க்க விறுவிறுக்க வீடு கொண்டு வந்து சேர்த்தார்.

அட்டைப்பெட்டியின் மேல் என்னென்ன அச்சிட்டிருந்தது தெரியுமா? "5.1", "டால்பி எபெக்ட்", "10,000 வாட் பி.எம்.பி.ஓ." படிக்கும்போதே காது அடைத்தது.

"தம்பி, நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதுதே. இது என்ன சங்கதின்னு வந்து பாரு" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் மெட்ரிக் வரை படித்தவன்தான். ஆனால் ரேடியோப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் பைத்தியம் சிறு வயதிலேயே பிடித்துக்கொண்டது. அங்கே கண்டதைச் சொல்லுமுன் அடிப்படை விஷயம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அண்ணாச்சி ஏமாந்தது எங்கே என்று புரியாது.

பார்சலும் முத்திரையும்

டால்பி, டி.டி.எஸ்., டி.எச்.எக்ஸ். என்று மூன்று பெயர்களையும் நம்மவர்கள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே ஜாதி அல்ல. டால்பி, டி.டி.எஸ். இரண்டும் ஒலியைக் கட்டி அனுப்பும் முறைகள். பார்சல் ஆபீசில் சாமானைச் சாக்கில் கட்டுவதா, மரப்பெட்டியில் அடைப்பதா என்பது போல. டி.எச்.எக்ஸ். என்பது கட்டும் முறையே அல்ல. இறக்கும் இடம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் குத்தும் முத்திரை.

முதலில் கட்டும் முறையைப் பார்ப்போம்.

1977-ம் ஆண்டு வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" படம் டால்பி ஸ்டீரியோவுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பிலிமின் ஓரத்தில் இரண்டே ஒலிக்கோடுகள். அந்த இரண்டுக்குள் இடது, நடு, வலது, பின்புறம் என்று நாலு வழி ஒலியை மடித்து வைத்திருந்தார்கள். 1982-ல் இது வீட்டுக்கு வந்தது. 1987-ல் வந்த "புரோ லாஜிக்" தான் வீட்டில் நடு ஸ்பீக்கருக்கு வழி செய்தது.

நடு ஸ்பீக்கர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில்தான் வைக்கப்படுகிறது. பாட்டும் பின்னணி இசையும் பக்கங்களில் விரியும். ஹெலிகாப்டரும் மழையும் பின்னால் போகும். திரையில் முகம் இருக்கும் இடத்தில் இருந்து பேச்சு வர வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்.

1992-ல் "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. பிலிம் ஓரத்துத் துளைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடத்தில் ஒலிக் கணக்கை அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே "ஜுராசிக் பார்க்" படத்தோடு டி.டி.எஸ். வந்தது. இவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். ஒலியைத் தனியாக ஒரு குறுந்தகட்டில் வைத்து, பிலிமில் நேரக்குறியை மட்டும் அச்சிட்டுப் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஓட்டினார்கள். 1996-ல் "கருப்பு ரோஜா" மூலம் டி.டி.எஸ். தமிழுக்கு வந்தது. சோனியும் 1993-ல் எட்டு வழி முறை ஒன்றைக் கொண்டு வந்தது. அது தியேட்டரோடு நின்றுவிட்டது.

இந்த முறைகளில்தான் 5.1 வருகிறது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்று, இடி, வெடி போன்ற அடிச்சத்தத்துக்கு மட்டுமான தனி வழி. அது முழு வழி அல்ல என்பதால்தான் புள்ளி ஒன்று என்று எழுதுகிறார்கள்.

எது உசத்தி?

டீக்கடையில் இன்றும் சண்டை நடக்கிறது. டி.டி.எஸ். கட்சிக்காரர்கள் சொல்லும் கணக்கு இது: டி.வி.டி. தட்டில் டால்பிக்கு வினாடிக்கு 448 கிலோபிட். டி.டி.எஸ்.சுக்கு 754, சில தட்டுகளில் 1,509. மூன்று மடங்குக்கு மேல்!

கணக்கு சரிதான். ஆனால் இரண்டும் ஒலியைச் சுருக்கும் விதம் வேறு. எடை கூடிய மூட்டையில் சரக்கு கூடுதல் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. டால்பி, எல்லாப் படத்திலும் வசனம் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்று மொத்த ஒலியையும் சற்றுத் தாழ்த்தும். டி.டி.எஸ். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. எனவே ஒரே படத்தை மாற்றி மாற்றிக் கேட்டால் டி.டி.எஸ். ஓங்கி ஒலிக்கும். ஓங்கி ஒலிப்பதை நல்ல ஒலி என்று நம்பிவிடுவது காதின் குணம். டி.வி. கடைக்காரர்களுக்கும் இது தெரியும்!

2006-ல் புளூரே தட்டு வந்த பிறகு இந்தச் சண்டைக்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று. டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ இரண்டுமே ஒன்றையும் இழக்காமல் கட்டுபவை. புக்கிங்கில் போட்ட எடை டெலிவரியில் அப்படியே இருக்கும். இழப்பே இல்லாதபோது யார் உசத்தி என்று எதை வைத்துச் சொல்வது?

ஆனால் நம்மில் எத்தனை பேர் புளூரே தட்டு வாங்குகிறோம்? நெட்பிளிக்ஸ் போன்றவற்றில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். அது சுருக்கிக் கட்டியதுதான், நன்றாகவே கட்டியது.

தலைக்கு மேல் ஒலி தருவது டால்பி அட்மாஸ். 2012-ல் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே "சிவாஜி" 3டி வடிவில் அட்மாஸ் ஒலியோடு வந்தது. 2014-ல் இருந்து வீட்டுக்கும் கிடைக்கிறது. கூரையில் ஸ்பீக்கர் மாட்ட முடியாதவர்களுக்கு, மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கர் விற்கிறார்கள். ஒலி மேலே போய்க் கூரையில் மோதித் திரும்பி வர வேண்டும். அதற்குத் தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். தாராவியில் சரிந்த தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தால், ஒலி எந்த வீட்டுக்குப் போகுமோ!

லூகாசின் முத்திரை

இனி டி.எச்.எக்ஸ். "ஸ்டார் வார்ஸ்" எடுத்த ஜார்ஜ் லூகாசுக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஸ்டூடியோவில் பாடுபட்டுச் சேர்த்த ஒலி, தியேட்டரில் கிழிந்த ஸ்பீக்கரில் சீரழிகிறதே என்று. அவரிடம் வேலை பார்த்த டாம்லின்சன் ஹோல்மன் என்ற ஒலி நிபுணர் விதிமுறை வகுத்தார். 1983-ல் "ரிட்டர்ன் ஆப் தி ஜெடை" படத்தோடு அது அமலுக்கு வந்தது. தியேட்டரில் வெளிச்சத்தம் எவ்வளவு நுழைகிறது, எதிரொலி எவ்வளவு, ஸ்பீக்கர் எப்படி என்று அளந்து பார்ப்பார்கள். தேறினால்தான் முத்திரை. டால்பி படமானாலும் டி.டி.எஸ். படமானாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

பிறகு வீட்டுக் கருவிகளுக்கும் முத்திரை தர ஆரம்பித்தார்கள். அறையின் அளவைப் பார்த்து வகுப்பு பிரித்தார்கள். "அல்ட்ரா" என்பது 3,000 கன அடி அறைக்கு. "செலக்ட்" என்பது 2,000 கன அடிக்கு. அதற்கும் கீழே "காம்பாக்ட்" என்று 1,000 கன அடிக்கு ஒன்று உண்டு.

அண்ணாச்சியின் சால் வீட்டு அறையை டேப் வைத்து அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 9 அடி. பெருக்கினால் 1,080 கன அடி. அதில் பீரோ, கட்டில், சமையல் மேடை, தண்ணீர் டிரம் எல்லாம் அடக்கம். "அல்ட்ரா" முத்திரை உள்ள கருவியை இங்கே கொண்டு வந்து வைப்பது, ஒற்றைப் பெட்டியை இழுக்க இரட்டை எஞ்சின் போடுவது போலத்தான். நல்ல முத்திரை, சந்தேகமில்லை. நமக்கான செலவு அல்ல.

நம் நாட்டு முத்திரை ஒன்றும் இருக்கிறது. 2012-ல் மத்திய அரசு போட்ட உத்தரவின்படி குறிப்பிட்ட மின்னணுக் கருவிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்தாக வேண்டும். "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் கருவியில் இருக்கும். இது ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் இருக்கிறதா என்பதற்கான பரிசோதனை. ஒலி இனிமைக்கு அல்ல. ஆனால் ஒரே பிளக்கில் மூன்று கருவிகளை மாட்டும் வீடுகளில் மற்ற எல்லா முத்திரையையும்விட இதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

பின்பக்கம் திருப்பினேன்

இப்போது அண்ணாச்சியின் பெட்டிக்கு வருவோம். முன்பக்கம் நீல விளக்குகள் ஆடின. அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே சிவப்பு, வெள்ளை என இரண்டு ஓட்டைகள். பக்கத்தில் யு.எஸ்.பி. மற்றபடி புளூடூத். அவ்வளவுதான்.

விஷயம் விளங்கிவிட்டது. சிவப்பு, வெள்ளை வழியாக இரண்டு வழி ஒலிதான் போகும். இந்த மாதிரிக் கருவிக்குப் புளூடூத்தில் வருவதும் இரண்டே வழி. டி.வி.யில் இருந்து 5.1 உள்ளே போக வேண்டுமானால் ஆப்டிகல் வாசல் வேண்டும், அல்லது ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. வாசல் வேண்டும். டால்பிக் கட்டைப் பிரிக்கும் வசதி உள்ளே இருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. வந்த இரண்டையே ஐந்து பெட்டிக்கும் பங்கு வைக்கிறது!

சந்தேகம் தீர, ஸ்பீக்கர் பரிசோதனைப் படம் ஒன்றை ஓட்டினேன். "நடு" என்று குரல் சொல்லும்போது நடுப்பெட்டி மட்டும் பேச வேண்டும். ஐந்தும் கோரஸ் பாடின.

"டால்பி எபெக்ட்" என்பதில் உள்ள சூது இதுதான். டால்பி என்று சொல்லவில்லை. டால்பி மாதிரி என்கிறார்கள்.

10,000 வாட் கதையும் அப்படியே. பின்பக்கத் தகட்டில் கருவி இழுக்கும் மின்சாரம் 65 வாட் என்று போட்டிருந்தது. வாங்குவது 65, கொடுப்பது 10 ஆயிரமா? இப்படி ஒன்று நிஜமாக இருந்தால் மின்சாரக் கம்பெனியே வந்து வாங்கிக்கொண்டு போகும். பி.எம்.பி.ஓ. என்ற எண்ணுக்கு மதிப்பே கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "அவன ஏசாதய்யா, எனக்காகத்தான் வாங்குனான்" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தோம். அடிச்சத்தப் பெட்டி அறை மூலையில் இருந்தது. மூலையில் வைத்தால் "தொம் தொம்" இரட்டிப்பாகி வசனத்தை விழுங்கிவிடும். நகர்த்தி வைத்து, அதன் ஒலியைக் கால்வாசிக்குக் குறைத்தேன். டி.வி.யில் ஒலி வகையை "சினிமா"வில் இருந்து "பேச்சு"க்கு மாற்றினேன். பின் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டோம். இன்னொன்றை ஒயரை நீட்டி அம்மாவின் கட்டில் தலைமாட்டில், காதுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தோம். ஐந்து பெட்டியும் ஒன்றையே பேசுவது இப்போது நமக்கு வசதியாகப் போயிற்று. நிஜமான 5.1-ஆக இருந்தால் பின் ஸ்பீக்கரில் மழைச் சத்தம்தான் வந்திருக்கும்!

அம்மா பழைய படம் ஒன்றை வைத்துப் பார்த்தார். பாதியில், "இவ மாமியாரா இப்படிப் பேசுதா?" என்று கேட்டார். வசனம் கேட்கிறது.

கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அண்ணாச்சி போன் செய்து புகார் பதிந்திருக்கிறார். பில் பத்திரமாக இருக்கிறது. "டால்பி எபெக்ட்" என்று அச்சிட்ட அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு. முடிவு தெரியும்வரை அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.