இரு நாடுகளும் ஒரு மழையும்



காலநிலைச் சீர்குலைவினால் எந்த நாடு மிகுதியாகத் துன்புறுகின்றது என்று வரிசைப்படுத்துவோர் உளர். ஜெர்மன்வாட்ச் என்னும் அமைப்பு 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு வகுத்த வரிசையில் இந்தியாவுக்கு 5ஆம் இடம், இலங்கைக்கு 6ஆம் இடம். அடுத்தடுத்த இடங்கள்தாம். ஆயின் இரு நாடுகளும் ஒரே அளவில் நோகின்றன என்று கொள்ளலாமா? பூண்டுலோயாவின் தேயிலை மலையொன்றில் நின்று இதனைப் பார்ப்போம்.

தேயிலைக்குப் பெருமழையும் ஆகாது, நெடுவறட்சியும் ஆகாது. விதையிலிருந்து முளைத்த பழஞ்செடி ஆழமாக ஆணிவேர் விட்டிருக்கும். தண்டு நட்டு வளர்த்த செடிக்கு அவ்வேர் இல்லை. வறட்சி அதனையே முதலில் தாக்கும். கொழுந்து விரியாது நின்றுவிடும். கூடையின் நிறை குறைந்தால் பெயர்ப்பதிவில் அரைப்பேர்தான் விழும். காலநிலை மாற்றம் என்னும் பெரிய சொல் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் வந்துசேர்வது இந்த அரைப்பேராகவே.

2015இல் ஏறத்தாழ 33 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை 2016இல் 29 கோடியளவுக்கு இறங்கிற்று. களைகொல்லித் தடைக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் வறட்சியின் பங்கு சிறிதன்று. அவ்வாண்டில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் விளைச்சல் குன்றியது. ஆனால் இந்தியாவின் மொத்த விளைச்சலோ உயர்ந்தது! நீலகிரி வாடியபோது அசாம் தளிர்த்தது. இந்தியத் தேயிலையில் ஏறத்தாழப் பாதி அங்கு விளைவது. மேலும், இந்தியா தன் தேயிலையில் பெரும்பங்கைத் தானே குடித்துவிடுகின்றது. இலங்கையோ 100க்கு 90 பங்குக்கு மேல் கடல் கடந்து விற்று, அப்பணத்தில் எண்ணெயும் மருந்தும் வாங்கவேண்டிய நாடு. ஒரு மலை வாடினால் ஈடுசெய்ய அதற்கு வேறோர் அசாம் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலையும் நோக்குவோம். இலங்கையில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா மாவட்டம் மண்சரிவுகளால் சிதைந்தது. தமிழ்நாட்டுக் கரையை அணுகுமுன் புயல் வலுவிழந்துவிட்டது. ஆதலின் உயிரிழப்பை ஒப்பிடுதல் முறையன்று. சுமையை ஒப்பிடலாம். இலங்கையின் நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என மதிப்பிட்டது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் அது 100க்கு 4 பங்கு. அதே தொகை இந்தியாவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்களவே.

எனினும் இக்கணக்கு லயத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் கேரளத்து மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் லயங்கள் புதைந்து 70 பேர் மடிந்தனர். அவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரே. பெரிய நாட்டின் பெருஞ்செல்வம் அங்கே குறுக்கே நிற்கவில்லை. சரிவின் அடியில், பிறர் நிலத்தில், பிறர் கட்டிய வரிசை அறைகளில் வாழ்வோர்க்கு இரு நாடுகளும் ஒன்றுதான்.

பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 தனிவீடுகள் 2018இல் கையளிக்கப்பட்டன. மலையகத்தில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் பழைய லயங்களிலேயே இருக்கின்றன. அடைமழைக் காலத்தில் அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லயத்துக்கு மேலே நிலம் வெடித்தாலும், நேராக நின்ற மரம் சாய்ந்தாலும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலும், கதவு நிலை இறுகித் திறவாது போனாலும், விடியட்டும் என்று காத்திராது பிள்ளைகளுடன் அவ்விடத்தை விட்டு உடனே நீங்குதல் வேண்டும்.